சைக்கிள் எதற்கு என்று கேட்டவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போரில் இறந்த வீரர்களின் நினைவாக லண்டனிலிருந்து பாரீஸ் வரை சைக்கிளில் போய் நிதி திரட்டியவர்களைப் பற்றி நீங்கள் வெளியிட்ட செய்தியையும், அதற்கு வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தையும் படித்தேன். "கொடுக்கிற பணத்தை நேராகக் கொடுத்துவிட்டால் ஆகாதா, நடுவில் சைக்கிள் எதற்கு?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நானும் அதை மனசுக்குள் கேட்டுக்கொண்டேதான் அந்தக் குழுவோடு கிளம்பினேன்.

நான் சைக்கிள் ஓட்டியவன் இல்லை. பின்னால் வந்த வேனில் பம்ப், டியூப், செயின் எண்ணெய் சகிதம் உட்கார்ந்திருந்த மெக்கானிக். ஐந்து நாள், ஏறக்குறைய 500 கிலோமீட்டர், 31 பங்க்சர். இந்த எண்ணிக்கையில் தவறு இருக்காது. ஒவ்வொன்றுக்கும் வேன் கதவில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தேன்.

பணக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழுவில் கப்பல் கட்டணம், தங்கும் செலவு, சாப்பாடு, வேன் டீசல் எல்லாம் அவரவர் கைக்காசு. மற்றவர்களிடம் வாங்கிய நன்கொடை முழுசாக வீரர்களின் குடும்பங்களுக்கான அறக்கட்டளைக்குப் போனது. எல்லாக் குழுவும் இப்படி இல்லை. திரட்டிய தொகையிலிருந்தே ஓட்டல் செலவைக் கழித்துக்கொள்பவர்களும் உண்டு. அங்கே வாசகர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. உண்டியலில் போடுமுன் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

ஆனால் சைக்கிள் எதற்கு என்பதற்கு நான் வேனில் இருந்து பார்த்ததைத்தான் பதிலாகச் சொல்ல முடியும்.

ஒவ்வொரு சைக்கிளின் ஹேண்டில்பாரிலும் ஓர் அட்டை கட்டியிருந்தது. அதில் ஒரு வீரரின் பெயர். சிலருக்கு அண்ணன், சிலருக்குக் கொள்ளுத் தாத்தா. சொந்தத்தில் யாரும் இல்லாதவர்கள் நினைவுச் சுவரிலிருந்து ஒரு பெயரை எடுத்துக்கொண்டார்கள். குழுவில் ஒரே ஒரு கட்டுப்பாடு: ஆள் வேனில் ஏறலாம், பெயர் ஏறக் கூடாது.

இரண்டாம் நாள், பிரான்ஸின் துறைமுக நகரமான கலேயிலிருந்து பெல்ஜியத்தின் ஈப்ர் நகரத்துக்குப் போகும் வழியில் முகத்தில் அறைகிற எதிர்க்காற்று. அறுபது தாண்டிய அம்மா ஒருவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. வேனை நிறுத்தினேன். ஏறுவதற்கு முன் அட்டையை அவிழ்த்தார். அவர் தம்பியின் பெயர். காலையிலிருந்து 'கூட்டத்தை விட்டு முன்னால் ஓடாதே' என்று அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்த பையன் ஒருவனைக் கூப்பிட்டு அவன் ஹேண்டில்பாரில் கட்டினார். அதற்கப்புறம் அவன் முன்னால் ஓடவில்லை. எங்கள் வேனுக்கு இரண்டு சைக்கிள் தூரத்திலேயே வந்தான்.

ஈப்ர் கருங்கல் பாவிய தெரு. சைக்கிள்காரனுக்கு அது எமன். அன்றைக்கு மூன்று ஸ்போக் உடைந்தன, இரண்டு சக்கரங்களுக்குக் கோட்டம் எடுத்தேன். முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான நினைவு வளைவு, மெனின் வாயில். அங்கே இரவு 8 மணிக்கு அஞ்சலியாகப் பியூகிள் ஊதுகிறார்கள். 1928 முதல் நடக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் நகரைப் பிடித்து வைத்திருந்தபோது மட்டும் அங்கே அது நின்றுபோய், இங்கிலாந்தில் ஊதப்பட்டது. கல்லறை தெரியாத 54,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அந்தச் சுவர்களில். பையன் இரண்டு அட்டைகளையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த அம்மா அவனிடம் அட்டையைத் திருப்பிக் கேட்கவில்லை.

இப்போது உங்கள் செய்தியில் ஒரு திருத்தம். பிரான்ஸின் நெவ் ஷப்பேல் கிராமத்தில் குழு அஞ்சலி செலுத்திய இடத்தை 'பிரிட்டிஷ் நினைவிடம்' என்று போட்டிருந்தீர்கள். அது இந்திய நினைவிடம். 1915 மார்ச் 10 அன்று அங்கே ஜெர்மானியர்மீது பிரிட்டிஷ் தரப்பு தொடங்கிய தாக்குதலில் ஏறக்குறையப் பாதிப் படை இந்தியப் படை. கல்லறை தெரியாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களோடு 1927இல் திறந்தார்கள். முதல் நாளிலேயே உயிரிழந்து பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்ற கார்வாலி வீரர் கபர் சிங் நேகிக்கு அப்போது வயது 19. அங்குள்ள தூணில் ஆங்கிலம், அரபி, இந்தி, குர்முகி (பஞ்சாபி) எழுத்துகள் இருக்கின்றன. தமிழ் இல்லை, சுற்றிச் சுற்றித் தேடினேன்.

அங்கிருந்து அராஸ் நகரத்துக்குப் போகும் பாதைக்குப் பக்கத்தில் நோத்ர தாம் த லொரெத் குன்று. அங்கே வட்டமாக நிற்கும் சுவரில் அந்தப் போரில் இறந்த சுமார் 5,80,000 பேரின் பெயர்கள், எந்த நாடு, எந்தப் பதவி என்று பிரிக்காமல் வெறும் அகர வரிசையில். அதே வட்டாரத்தில்தான் 1909இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற பிரான்சுவா ஃபாபெர் 1915 மே மாதம் இறந்தார். 1910இல் வென்ற ஆக்டாவ் லாபீஸ் 1917இல் போர் விமானத்தோடு விழுந்தார். அந்த மண்ணில் சைக்கிளும் சாவும் ரொம்ப நாளாகவே பக்கத்துப் பக்கத்து வீடு. இங்கிலாந்தின் மெரிடன் கிராமத்தில் போரில் இறந்த சைக்கிள்காரர்களுக்கென்றே 1921இல் ஒரு தூண் நாட்டினார்கள். அதன் ஆண்டு நினைவு நிகழ்ச்சிக்கு இன்றும் சைக்கிளிலேயே வந்து சேர்கிறார்கள்.

முதல் உலகப் போர் முடிந்து ஆறு மாதம்கூட ஆகாத 1919 ஏப்ரலில், சிதைந்து கிடந்த போர்க்களங்கள் வழியாகவே ஒரு சைக்கிள் பந்தயம் விட்டார்கள். பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் முதல் பிரான்ஸின் அமியேன் வரையிலான ஒரு கட்டத்தை முடிக்க வென்றவருக்கே 18 மணி நேரத்துக்கும் மேல் ஆனது. நடத்தியது ஒரு பத்திரிகை. தங்கள் துறை என்பதால் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பாரீஸுக்குள் நுழைந்தபோது அந்தப் பையனின் பின் டயர் மறுபடி இறங்கியது. 31ஆவது கோடு. நான் டியூப் மாற்றுகிற நேரம் முழுவதும் அந்த அம்மா வேனிலிருந்து இறங்கி அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த பயணத்தில் வேனில் என் பக்கத்து இருக்கை காலி. கடிதம் எழுதிய வாசகர் வருவதானால் சந்தோஷம். பங்க்சர் ஒட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சாக்பீஸ் கோடு போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு சைக்கிள் மெக்கானிக்,
லண்டன்