ஆயாவின் கடைசி ஆறு பக்கம்

வேலூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, மற்றபடி குறையில்லை. சின்னவனுக்கு ராணிப்பேட்டையில் வேலை கிடைத்துவிட்டது, தினமும் பஸ்ஸில் போய் வருகிறான். தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று டெய்லர் மாமா சொன்னார், சந்தோஷம். எட்டு மாதமாக நான் ஒரு வரி எழுதவில்லை. நீயும்தான் எழுதவில்லை, அதனால் அந்தக் கணக்கை நேர் செய்துகொள்வோம். இன்றைக்கு எழுதக் காரணம் இருக்கிறது. போனில் சொல்லலாமென்று நாலு தடவை கையில் எடுத்தேன், வாய் வரவில்லை.

பெரியவர்களிடம் கேட்டு நாம் சேர்த்துவைத்த கதைகளில், உன் ஆயா சொன்ன கதையின் கடைசி ஆறு பக்கம் நம்மிடம் இல்லை.

போன வாரம் குடியாத்தத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். 1903-இல் பாலாறு பெருகி வாணியம்பாடிக்குள் புகுந்ததைப் பற்றி, பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் யாராவது பேசியிருக்கிறார்களா என்று தேடிக்கொண்டிருந்தாள். எனக்கு உடனே ஆயா ஞாபகம்தான் வந்தது. தன் மாமியார் சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்தத் தண்ணீரைப் பார்த்த கதையை அவ்வளவு விவரமாக வேறு யாரும் நமக்குச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் திறந்து கொடுத்துவிட்டு டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தால் அவள் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "சார், அந்தப் பானைக்குள்ள என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள்.

குனிந்து பார்த்தேன். கடைசி வரி இப்படி நிற்கிறது: "தண்ணி வடிஞ்சப்புறம் ஊட்டுக்கு வந்து பாத்தா, அடுப்பு மேட்டுல வெச்ச பானக்க". அவ்வளவுதான். "குள்ள" என்று முடியவேண்டிய சொல், மச்சான். ககரத்தோடு வெட்டுப்பட்டு, உகரக் குறிகூட ஒட்டாமல் நிற்கிறது.

அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு அந்தப் பதிவு எத்தனை பைட் (கம்ப்யூட்டரில் பிடிக்கும் இடத்தை அளக்கும் அலகு) என்று எடுத்துப் பார்த்தேன். 65,535. எண்ணைப் பார்த்ததுமே என்ன நடந்திருக்கிறதென்று தெரிந்துவிட்டது. கணக்கு வாத்தியாரான உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இரண்டின் பதினாறாம் அடுக்கில் ஒன்று குறைவு. 2012-இல் நாம் கதைகளைப் போட்டுவைத்தது மைஎஸ்க்யூஎல் என்ற தரவுதளத்தில். அதன் பட்டியலில் உரை வைக்க நான் தேர்ந்தெடுத்த பத்தியின், அதாவது நெடுக்குக் கட்டத்தின், வகைப் பெயர் 'டெக்ஸ்ட்'. அது கொள்ளும் உச்ச அளவு அதே 65,535 பைட்தான். மேலே 'மீடியம்டெக்ஸ்ட்' என்று ஒன்று உண்டு, ஒன்றேமுக்கால் கோடி பைட்டுக்குக் கிட்டத்தட்ட பிடிக்கும். 'லாங்டெக்ஸ்ட்' நாலு ஜிபி வரை போகும். ஒரே ஒரு சொல்லை மாற்றிப் போட்டிருந்தால் ஆயா முழுசாக இருந்திருப்பார்.

ஏன் போடவில்லை தெரியுமா? சோதித்துப் பார்த்தேன். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. முப்பது பக்க ஆங்கில அறிக்கை ஒன்றை உள்ளே போட்டேன், முழுசாக உட்கார்ந்தது. முப்பது பக்கம் கொள்ளும் இடத்தில் ஆயாவின் பதினெட்டுப் பக்கம் எம்மாத்திரம் என்று விட்டுவிட்டேன். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழுக்கு அப்படியில்லை. நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள். 'வேலூர்' என்றால் நமக்கு மூன்று எழுத்து. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்துவைத்திருக்கும் யூனிகோடுக்கு அது ஆறு குறி: வகரம், ஏகாரக் கொம்பு, லகரம், ஊகாரக் குறி, ரகரம், புள்ளி. அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக மொத்தம் பதினெட்டு. அதையே ஆங்கிலத்தில் எழுதினால் ஏழு பைட்டில் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் முப்பது பக்கத்துக்கு மேல் கொள்ளும் ஏனம் தமிழுக்குப் பன்னிரண்டு பக்கத்தில் வழிந்துவிடுகிறது. தமிழ் வைப்பதற்கான இடத்தைத் தமிழை வைத்தே சோதிக்க வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

வழிந்தபோது அது கத்தியிருந்தால்கூடத் தெரிந்திருக்கும். அந்தப் பழைய பதிப்பில் கண்டிப்பு முறை என்பதை நாமாகத்தான் போட வேண்டும். போடாவிட்டால் மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டு, ஒரு எச்சரிக்கையை உள்ளே எழுதி வைத்துவிட்டு, 'சேமித்தாயிற்று' என்று சொல்லிவிடும். 2015-இல் வந்த 5.7 பதிப்பிலிருந்துதான் கண்டிப்பு தானாகவே அமர்ந்தது. அதற்குப் பிறகென்றால் பிழை காட்டி நின்றிருக்கும். நான் எச்சரிக்கையைப் படிக்கவில்லை. பழி என்னுடையதுதான்.

காப்பு எடுக்கவில்லையா என்று கேட்பாய். வாராவாரம் எடுத்தேன். வெட்டுப்பட்டதைத்தான் பதிமூன்று வருஷமாக வாராவாரம் பத்திரப்படுத்தியிருக்கிறேன். நீ டைப் அடித்த மூலக் கோப்பு இருந்த டிஸ்க்கு அந்த மழை வருஷத்திலேயே போய்விட்டது, உனக்கே தெரியும்.

அன்று இரவே உட்கார்ந்து 212 கதைகளையும் அளந்தேன். ஒன்பது கதைகள் சரியாக விளிம்பில் வந்து நின்றிருக்கின்றன. எட்டுக்கு அச்சுப் பிரதி பெட்டியில் இருக்கிறது, மறுபடி டைப் அடிக்க ஆள் பார்த்துவிட்டேன். ஆயாவுடையது மட்டும் இல்லை. திருத்திக் கொடுக்கிறேன் என்று நீதான் வாங்கிக்கொண்டு போனாய். ஆம்பூர் பிரியாணிக் கடையில் வைத்துக் கையில் கொடுத்தேன், அதன் மேல் சேர்வை சிந்தியதற்கு நீ என்னைத் திட்டியதுகூட நினைவிருக்கிறது.

தோண்ட ஆரம்பித்ததும் இன்னும் வந்தன. தோல் மண்டியில் வேலை பார்த்த ஆம்பூர்த் தாத்தா தமிழில் பேசிக்கொண்டே வந்து, துக்கம் வந்த இடத்தில் உருதுவுக்குத் தாவுவாரே, அந்த உருது வரிகளெல்லாம் வெறும் கேள்விக்குறி. இருபது இருபதாக வரிசையாகக் கேள்விக்குறி. பழைய பட்டியல் ஒன்றை லத்தீன் எழுத்துக்கு மட்டுமான அமைப்பிலேயே விட்டிருந்தேன். மைஎஸ்க்யூஎல் 8.0 வரும்வரை, அதாவது 2018 வரை, நாம் மாற்றாவிட்டால் அதுதான் அமையும். இதில் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். ஆங்கில 'ஏ' தலையில் கோடும், வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்துமாகக் கன்னாபின்னாவென்று தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. பைட்டுகள் உள்ளே அப்படியே இருக்கின்றன, தப்பாகப் படிக்கிறோம், அவ்வளவுதான். அந்த மாதிரி முப்பது தமிழ்ப் பதிவுகளை ஒரே நாளில் மீட்டுவிட்டேன். கேள்விக்குறி வந்தால்தான் முடிந்தது கதை. இருந்ததை அழித்துவிட்டு அந்த இடத்தில் கேள்விக்குறியையே எழுதிவிட்டது என்று அர்த்தம். நல்லவேளை, தாத்தாவின் மகன் ஒரு நோட்டில் அந்த வரிகளை எழுதி வைத்திருக்கிறார். நேற்றுப் போய்ப் போட்டோ எடுத்து வந்தேன்.

தேடலும் சரியில்லை. 'கோட்டை' என்று தேடினால் பாதிக் கதைகள்தான் வருகின்றன. ஓகாரத்தை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, இயந்திரத்துக்கு வேறு வேறு. உன் பழைய கீபோர்டு கொம்பையும் காலையும் தனியாக அடித்திருக்கிறது, என்னுடையது சேர்த்து அடித்திருக்கிறது. எந்நேரமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த நாம் இரண்டு பேரும் இரண்டு கோட்டை கட்டியிருக்கிறோம் பார். இப்போது உள்ளே போகும்போதே எல்லாவற்றையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிடுகிறேன்.

அகர வரிசை இன்னொரு தலைவலி. குறி எண்ணை வைத்து அடுக்கினால் 'பனை' வந்த பிறகுதான் 'பயிர்' வருகிறது, னகரத்தை நகரத்துக்கு அடுத்து உட்கார வைத்திருப்பதால். அகராதியில் னகரம் கடைசி மெய்யல்லவா. தமிழ் வரிசை தெரிந்த ஒப்பீட்டு விதியைத் தனியாகச் சொல்லிக் கொடுத்த பிறகு சரியானது.

அப்புறம் உன் தாத்தாவின் நில ஓலை. காணி, மா, முந்திரி என்று பின்னக் குறிகள் இருக்கின்றனவே, அவற்றை நான் அன்றைக்குப் படமாக மட்டும் வைத்தேன். 2019-இல் வந்த யூனிகோடு 12-இல் அந்தக் குறிகளுக்கும் இடம் கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நாலு பைட் வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் பழைய 'யூடிஎஃப்8' என்ற பெயருக்குப் பின்னால் இருந்தது மூன்று பைட் வரைதான் பிடிக்கும். கண்டிப்பு இல்லாத அமைப்பில் அப்படி ஒரு குறியைப் போட்டால் அந்த இடத்தோடு மிச்ச உரையையும் வெட்டிவிடும். 'எம்பி4' என்று முடியும் வகையைத்தான் எடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் இப்போது போஸ்ட்கிரெஸ் என்ற வேறு தரவுதளத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். அதில் எவ்வளவு நீள உரைக்கும் 'டெக்ஸ்ட்' என்ற ஒரு வகையே போதும், ஒரு ஜிபி வரை போகலாம். பட்டியலின் ஒரு வரிசை, அதாவது ஒரு பதிவு, ரொம்பப் பெரிதானால் நீள உரையை அதுவே சுருக்கித் துண்டு துண்டாகத் தனி இடத்தில் வைத்துக்கொள்கிறது, கேட்கும்போது சேர்த்துத் தருகிறது. அதைவிட முக்கியமாக, பட்டியலையே மாற்றினேன். முன்பு தமிழுக்கு ஒரு பத்தி, உருதுவுக்கு ஒரு பத்தி, தெலுங்குக்கு ஒரு பத்தி என்று அகலமாக விரித்திருந்தோமே, அது தப்பு. காந்தி ரோட்டில் நடந்தால் லாட்ஜ் பலகைகளில் வங்காளம்கூட வந்துவிட்டது. நாளைக்கு ஒரு வங்காளிப் பாட்டி இங்கே வைத்தியத்துக்கு வந்து கதை சொன்னால் பட்டியலை உடைத்துக் கட்டுவேனா? இப்போது கதை ஒரு பட்டியல், உரை இன்னொரு பட்டியல். உரையின் ஒவ்வொரு வரிசையிலும் எந்த மொழி, மூலமா மொழிபெயர்ப்பா, எத்தனையாவது பகுதி என்று இருக்கும். ஆம்பூர்த் தாத்தா எந்த இடத்தில் மொழி மாறுகிறாரோ அந்த இடத்தில் வரிசையும் மாறும். அவர் மாறிய இடம்தான் அந்தக் கதையின் உயிர், அது தெரிந்தாக வேண்டும்.

கூடவே ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண் எழுதி வைக்கிறேன். கோப்பைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றியதும் எத்தனை குறி, உள்ளே போன பின் எத்தனை குறி. இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் ஏற்றமாட்டேன். ஆயாவுக்கு இதைச் செய்திருந்தால் அன்று மாலையே பிடித்திருப்பேன்.

சரி, இப்போது நீ செய்ய வேண்டியது. அந்த அச்சுப் பிரதி உன்னிடம் இருக்கும், தேடு. ஓசூர் வீட்டுக்கு மாறியபோது நீ பிரிக்காமல் பரணில் ஏற்றிய தகரப் பெட்டியில்தான் இருக்க வேண்டும், பழைய கேள்வித்தாள்களோடு. அது இல்லாவிட்டால், ஆயா பேசியதைப் பதிவு செய்த ரெக்கார்டர். உன் நீலப் பையின் பக்கப் பாக்கெட்டில் போட்டாய், கடைசியாக நான் பார்த்தது அங்கேதான். கிடைத்தால் ஆன் செய்து பார்க்காதே, சார்ஜ் போடாதே, அப்படியே எடுத்து வா. உள்ளே இருக்கும் சின்ன கார்டை நான் படித்துக்கொள்கிறேன்.

குடியாத்தத்துப் பெண்ணுக்குப் பதினைந்து நாள் தவணை சொல்லியிருக்கிறேன். அவள் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஆயா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அந்த இடத்தில் அவர் கையை விரித்துக் காட்டியது தெரிகிறது, நீ சிரித்தது தெரிகிறது, சொன்னது மட்டும் வரவில்லை. மூன்று நாளாக முயற்சி செய்துவிட்டேன். பெட்டி கிடைக்கிறதோ இல்லையோ, உனக்கு நினைவிருந்தால் முதலில் அதை எழுது. அந்தப் பானைக்குள் என்ன மச்சான் இருந்தது?

உன்
காட்பாடிக்காரன்