‘எல்.சி. 50’ என்பது பாதுகாப்பு அளவு அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் அண்மையில் களைக்கொல்லி ஒன்றைப் பற்றி வந்த செய்தியில், அதன் எல்.சி. 50 அளவு மீன்களுக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராம் என்றும், ஆகவே அந்த அளவுக்குக் கீழே நீரில் கலந்தால் மீன்களுக்குத் தீங்கில்லை என்றும் பொருள்படும் ஒரு வரி இருந்தது. நன்னீர் மீன்களைக் கொண்டு இரசாயனங்களின் குறுங்கால நச்சுத்தன்மையைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அந்த ஒரு வரிக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். செய்தியாளரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. இதே பிழையை அந்த இரசாயனங்களை விற்பவர்களின் வாயிலிருந்தும் பலமுறை கேட்டிருக்கிறேன்.

எல்.சி. 50 என்பது மீன்கள் பிழைத்திருக்கும் அளவைக் குறிப்பதன்று. குறிப்பிட்ட கால அளவில், பெரும்பாலும் 96 மணி நேரத்தில், சோதனைக்கு எடுத்துக்கொண்ட மீன்களில் சரிபாதியைக் கொன்றுவிடும் எனக் கணக்கிடப்படும் செறிவே அது. ஆகவே, செய்தியில் சொல்லப்பட்ட 4 மில்லிகிராம் கலந்த குளத்தில் நான்கு நாள் கழித்துப் பார்த்தால் பாதி மீன்கள் செத்து மிதக்கும் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். அதற்குச் சற்றுக் கீழே 3 மில்லிகிராமிலோ 2 மில்லிகிராமிலோ எத்தனை மீன் சாகும் என்பதை அந்த எண் மட்டும் சொல்லாது.

பாதி என்னும் கணக்கு ஏன் வந்தது எனச் சிலர் கேட்கக்கூடும். ஒரே நாளில் பொரித்து ஒரே தொட்டியில் வளர்ந்த மீன்களிடையேகூட நஞ்சைத் தாங்கும் ஆற்றல் ஒன்றுபோல் இருப்பதில்லை. மிக எளிதில் மடிவனவும் சில, எதற்கும் அசையாதனவும் சில, எஞ்சியவை நடுவே. செறிவு ஏற ஏறச் சாவு விழுக்காடு எப்படி ஏறுகிறது என வரைந்தால், தொடக்கத்தில் மெல்ல எழுந்து, நடுவில் செங்குத்தாக ஏறி, முடிவில் மீண்டும் படுத்துவிடும் வளைகோடு கிடைக்கும். குறைந்த எண்ணிக்கையிலான மீன்களைக் கொண்டு அந்த வளைகோட்டில் ஓரளவு உறுதியாக மதிப்பிடக்கூடிய இடம் அதன் நடுப்பகுதிதான். டிரெவன் என்பவர் 1927இல் மருந்துகளின் வீரியத்தை ஒப்பிடுவதற்காகப் பாதி உயிர்களைக் கொல்லும் அளவு என்னும் கருத்தை முன்வைத்ததும் இக்காரணத்தால்தான். ஒரு நஞ்சை இன்னொரு நஞ்சோடு ஒப்பிட உதவும் அளவுகோலை ‘இதுவரை கலக்கலாம்’ என்னும் வரம்பாக மாற்றியது பின்னால் வந்தவர்களின் கைவரிசை.

வளைகோட்டின் சரிவும் கவனிக்க வேண்டியது. இரண்டு இரசாயனங்களின் எல்.சி. 50 ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் ஒன்று அந்த அளவில் பாதியாகக் குறைத்தாலே எந்த மீனையும் கொல்லாமல் நின்றுவிடும், மற்றொன்றோ பத்தில் ஒரு பங்காகக் குறைத்த பிறகும் சில மீன்களைக் கொன்றுகொண்டிருக்கும். ஒற்றை எண்ணை மட்டும் அச்சிடும்போது இந்த வேறுபாடு முழுவதும் மறைந்துபோகிறது.

சோதனை எவ்வாறு நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் அந்த எண்ணின் எல்லை புரியும். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 1981இல் வெளியிட்டு, 1992இலும் 2019இலும் திருத்திய 203ஆம் எண் வழிகாட்டி நெறிமுறையையே உலகின் பல ஆய்வகங்கள் பின்பற்றுகின்றன. அதன்படி குறைந்தது ஐந்து செறிவுகள். ஒவ்வொரு செறிவும் அதற்கு முந்தையதைப்போல் 2.2 மடங்குக்கு மேற்படக் கூடாது. ஒவ்வொரு செறிவுக்கும் குறைந்தது ஏழு மீன்கள். இரசாயனமே சேராத ஒப்பீட்டுத் தொட்டி தனியாக இருக்கும். நான்கு நாள்களும் மீன்களுக்கு இரை கிடையாது. கரைந்துள்ள ஆக்சிஜன் செறிவூட்ட நிலையில் 60 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. ஒப்பீட்டுத் தொட்டியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல், மீன்கள் பத்துக்கும் குறைவாயின் ஒன்றுக்கு மேல், செத்தால் சோதனை முழுவதும் செல்லாது.

அந்த ஒப்பீட்டுத் தொட்டியை நான் ஒருபோதும் அலட்சியமாகப் பார்த்ததில்லை. பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், ஒரு காலை விளக்கைப் போட்டதும், நஞ்சே சேராத அந்தத் தொட்டியில்தான் மூன்று ஜீப்ரா மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. மற்றவை நீர்ப்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. முந்தைய நாள் குளோரின் நீங்காத குழாய்த் தண்ணீரை யாரோ அவசரத்தில் நிரப்பியிருந்தார்கள். மற்ற ஐந்து தொட்டிகளிலும் அதே தண்ணீர்தான். அந்தத் தொட்டி இல்லாதிருந்தால் குளோரின் கொன்ற மீன்களையெல்லாம் இரசாயனத்தின் கணக்கில் எழுதி, அழகான வளைகோடும் வரைந்திருப்போம்.

சாவைத் தீர்மானிப்பதும் எண்ணுகிற அளவுக்கு எளிதன்று. செவுள் மூடி அசைகிறதா எனக் குனிந்து பார்க்க வேண்டும். வால் துடுப்புக்கு முன்னுள்ள மெலிந்த பகுதியைக் கண்ணாடிக் குச்சியால் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் அசைவில்லை என்றால்தான் இறந்ததாகக் குறிப்பேட்டில் எழுதலாம். சமநிலை இழந்து தலைகீழாகச் சுற்றும் மீனும், உடல் கருத்து மூலையில் ஒதுங்கி மூச்சுக்குத் தவிக்கும் மீனும் அந்தக் கணக்கில் உயிருள்ளவையே. 96ஆம் மணியில் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்த மீன் 100ஆம் மணியில் செத்தாலும் எல்.சி. 50 மாறாது. இத்தகைய அறிகுறிகளையும் முறையாகப் பதிய வேண்டும் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வலியுறுத்துவது சரியான மாற்றம் என்றே கருதுகிறேன்.

‘எந்த மீனும் சாகவில்லை’ என்னும் தொடரும் செய்திகளில் அடிக்கடி வருகிறது. ஒரு செறிவு மீன்களில் பத்து விழுக்காட்டைக் கொல்லக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் செறிவில் ஏழு மீன்களை விட்டால், ஒன்றுகூடச் சாகாமல் இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 48 விழுக்காடு. அதாவது, ஆற்றில் பத்துக்கு ஒரு மீனைக் கொல்லும் நஞ்சு, தொட்டியில் ஏறக்குறைய இரண்டு முறைக்கு ஒருமுறை குற்றமற்றதாக வெளியே வந்துவிடும். நச்சுத்தன்மை குறைந்ததாக எதிர்பார்க்கப்படும் பொருள்களுக்கு லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்னும் ஒரே செறிவில் வரம்புச் சோதனை செய்வதுண்டு. அதில் ஏழு மீன்களும் பிழைத்தால், எல்.சி. 50 அளவு 100 மில்லிகிராமைவிட அதிகம் என்பதை 99 விழுக்காட்டுக்கும் மேலான உறுதியோடு சொல்லலாம். அவ்வளவே சொல்லலாம், அதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டக் கூடாது.

இனி, தொட்டியில் உண்மையில் எவ்வளவு இரசாயனம் இருந்தது என்னும் கேள்வி. எடை போட்டுக் கலந்த அளவும் நீரில் தங்கிய அளவும் ஒன்றாகவே இருக்கும் என நம்புவது இத்துறையின் பழைய நோய். நீரில் எளிதில் கரையாத பூச்சிக்கொல்லி ஒன்றை ஒருமுறை அசிட்டோனில் கரைத்துத் தொட்டிகளில் சேர்த்தோம். மறுநாள் மாதிரி எடுத்து அளந்தபோது, கலந்ததில் கால் பங்குகூட நீரில் இல்லை. எஞ்சியது நெகிழிக் குழாயிலும் தொட்டிச் சுவரிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. கலந்த அளவை வைத்தே கணக்கை முடித்து அனுப்பிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அனுப்பியிருந்தால் அந்த நஞ்சு காகிதத்தில் நான்கு மடங்கு சாதுவாகத் தோன்றியிருக்கும். ஒட்டிப்போவதாலோ ஆவியாவதாலோ சிதைவதாலோ செறிவு குறையும்போது நேரும் பிழை எப்போதும் இரசாயனத்துக்குச் சாதகமாகவே சாயும். இதனால்தான், செறிவு 20 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் அளந்தறிந்த செறிவைக் கொண்டே முடிவைச் சொல்ல வேண்டும் என நெறிமுறை கட்டாயப்படுத்துகிறது. அந்தச் சோதனையை நாங்கள் நீரைத் தொடர்ந்து ஓடவிடும் முறையில், கண்ணாடிக் குழாய்களை மாட்டி, முதலிலிருந்து மீண்டும் செய்தோம்.

தண்ணீரின் தன்மையும் எண்ணை மாற்றிவிடும். அம்மோனியாவில் மீனை முதன்மையாகத் தாக்குவது அயனியாகாத, அதாவது மின்னூட்டம் பெறாத, வடிவம். 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், நீரின் அமில, காரத் தன்மையைக் குறிக்கும் பி.எச். 7ஆக இருக்கையில் மொத்த அம்மோனியாவில் ஏறத்தாழ 0.6 விழுக்காடே அவ்வடிவில் இருக்கும், பி.எச். 8ஆக ஏறினால் அது 5 விழுக்காட்டைத் தாண்டிவிடும். மொத்த அளவு இம்மியும் மாறாமலே நஞ்சு ஒன்பது மடங்காகிவிடுகிறது. செம்பு மென்னீரில் கடுமையாகக் கொல்லும். கடின நீரில் கால்சியம் செவுளில் அதற்குப் போட்டியாக நிற்பதால் அதே அளவு செம்பின் வேகம் தணியும். ஆகவே பி.எச்., வெப்பநிலை, கடினத்தன்மை ஆகியவற்றைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது, எந்த ஊர்க் கடிகாரம் எனச் சொல்லாமல் மணியை மட்டும் சொல்வதற்கு ஒப்பாகும்.

எந்த மீன் என்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது. அமெரிக்காவின் வடமேற்குக் கரையோர ஓடைகளில், மழை பெய்து சாலை நீர் வந்து சேர்ந்ததும் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடுமுன்பே செத்து விழுந்தன. டயர் ரப்பரில் சேர்க்கப்படும் பொருள் ஓசோனோடு வினைபுரிந்து உருவாகும் 6 பி.பி.டி. குயினோன்தான் காரணம் என 2020 டிசம்பரில் வெளிவந்த ஆய்வு கண்டுபிடித்தது. கோஹோவுக்கு அதன் எல்.சி. 50 லிட்டருக்கு ஏறத்தாழ 0.8 மைக்ரோகிராம் என முதலில் கணித்தார்கள். தூய்மையான பொருள் கைக்குக் கிடைத்து மீண்டும் அளந்தபோது அது 0.095 மைக்ரோகிராமாக இறங்கியது. ஆனால் கோஹோவுக்கு நெருங்கிய உறவான ‘சம்’ என்னும் சால்மன் வகையை அது கொல்லவில்லை. ஆய்வகங்களின் செல்லப்பிள்ளையான ஜீப்ரா மீனையும் கொல்லவில்லை. ஜீப்ரா மீனில் மட்டும் சோதித்திருந்தால் அது மீன்களுக்குத் தீங்கற்ற பொருள் என்றே ஓர் அறிக்கை எழுதியிருக்கலாம், அதில் பொய் என்று ஒரு வரியும் இருந்திருக்காது.

சோதனையால் பயனில்லை என்று நான் சொல்ல வரவில்லை. இரசாயனங்களை வகைப்படுத்தவும், ஒரு விபத்தில் ஆற்றில் கொட்டியது எவ்வளவு கொடியது என விரைந்து மதிப்பிடவும் அது வேண்டும். லிட்டருக்கு 1 மில்லிகிராமோ அதற்குக் குறைவோ எல்.சி. 50 உள்ளவை மிகக் கொடிய வகை என உலகளாவிய வகைப்பாட்டு முறை பிரிக்கிறது. எண் சிறிதாகச் சிறிதாக நஞ்சு பெரிது என்பதையும் வாசகர்களுக்கு ஒருமுறை நினைவூட்டலாம். ஆனால் நீரில் இவ்வளவுதான் இருக்கலாம் என வரம்பு வகுப்பவர்கள் எல்.சி. 50ஐ அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. மீன், நீர்த்தெள்ளு, பாசி ஆகிய மூன்றுக்கும் குறுங்காலத் தரவு மட்டுமே கையில் உள்ளபோது, அவற்றுள் மிகக் குறைந்த எண்ணை 1000ஆல் வகுப்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் வழக்கம். தங்கள் செய்தியில் வந்த 4 மில்லிகிராமே அவற்றுள் மிகக் குறைந்தது என்று கொண்டாலும், அந்தக் கணக்கில் கிடைப்பது 0.004 மில்லிகிராம். இனப்பெருக்கம், குஞ்சுகளின் வளர்ச்சி ஆகியவற்றில் நீண்ட நாள் விளைவு என்ன என்பதை நான்கு நாள் சோதனையால் காண முடியாது என்பதற்காகவே அவ்வளவு பெரிய இடைவெளி.

இன்னொன்றும் இருக்கிறது. ஐந்து செறிவுகளும் ஒப்பீட்டுத் தொட்டியும் சேர்ந்தால் ஒரு சோதனைக்குக் குறைந்தது 42 மீன்கள். இந்த எண்ணிக்கையைக் குறைக்கவே ஜீப்ரா மீனின் கருவைக் கொண்டு செய்யும் முறை 2013இலும், வானவில் ட்ரவுட்டின் செவுள் உயிரணுக்களைக் கொண்டு செய்யும் முறை 2021இலும் நெறிமுறைகளாக ஏற்கப்பட்டன. இவ்வளவு உயிர்களைக் கொடுத்துப் பெற்ற எண்ணைத் தப்பாகப் படிப்பது எனக்குக் கூடுதலாகவே வலிக்கிறது.

ஆகவே, அந்தச் செய்திக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு வேண்டுகிறேன். அதில் எந்த மீன், எத்தனை மணி நேரம், கலந்த செறிவா அளந்த செறிவா, நீரின் பி.எச்., கடினத்தன்மை, வெப்பநிலை என்ன, எல்.சி. 50இன் நம்பக எல்லைகள் (உண்மை அளவு எதற்கும் எதற்கும் இடையில் இருக்கக்கூடும் என்னும் கணிப்பு) எவை என்பனவும் இடம்பெற்றால் வாசகர்கள் தாங்களே எடைபோட்டுக்கொள்வார்கள். இவையெல்லாம் முறையான எந்தச் சோதனை அறிக்கையிலும் இருக்கும். தங்கள் செய்தியாளர் அந்த அறிக்கையைக் கேட்டுப் பெற்றால், முதலில் ஒப்பீட்டுத் தொட்டியில் எத்தனை மீன் செத்தது என்னும் வரியைத் தேடிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற நச்சியல் ஆய்வக ஊழியர்