சாட்டோ துரையும் நம் மஸ்கட் அறையும்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண்புரை ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் எழுதப் படிக்க விட்டார்கள். பேத்தி பிறந்த சேதியில் கமலாவுக்கு ஏக சந்தோஷம். என்ன பெயர் வைத்தாய் என்று எழுது.

கண் தெளிந்ததும் முதல் வேலையாக எர்னஸ்ட் சாட்டோ என்கிற பிரிட்டிஷ் தூதரைப் பற்றிப் படித்தேன். லண்டனில் பிறந்தவர். 1862-இல், பத்தொன்பது வயதில், மொழிபெயர்ப்பாளர் பயிற்சிக்கு ஜப்பான் போனார். அதற்கு முன் சில மாதம் பீகிங்கில் சீனம் படிக்க வைத்தார்களாம். சீனம் தெரிந்தால் ஜப்பானியம் தானாக வந்துவிடும் என்று மேலிடத்து நினைப்பு. ஒருநாள் ஜப்பானிலிருந்து ஓலை ஒன்று வந்தது, அதைப் படித்துச் சொல்ல ஒரு சீனராலும் முடியவில்லை. அப்புறம்தான் மூட்டை கட்டி அனுப்பினார்கள். மேலிடம் எந்த ஊரிலும் மேலிடம்தானப்பா!

யோகோஹாமாவில் இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, பக்கத்து நமாமுகி கிராமத்தில் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கில வியாபாரியை, சாத்சுமா என்ற தென் ஜப்பான் சிற்றரசின் சாமுராய்கள் வெட்டிப் போட்டார்கள். மறுவருஷம் அதற்குப் பழியாக பிரிட்டிஷ் கப்பல்கள் சாத்சுமாவின் தலைநகர் ககோஷிமா மேல் குண்டு போட்டன. அந்தக் கப்பல்களில் ஒன்றில் சாட்டோவும் இருந்தார். பிறகு அதே சாத்சுமாக்காரர்களோடு உட்கார்ந்து பேசிப் பழகியவரும் இவர்தான். ஒழுங்கான அகராதி கிடையாத காலத்தில் அந்த மொழியைக் கரைத்துக் குடித்தவர். பெயரும் கைகொடுத்தது. அங்கே சாத்தோ என்பது நம்மூர் முருகேசன் மாதிரி, தடுக்கி விழுந்தால் ஒரு சாத்தோ. 1866-இல் மேலதிகாரி பார்க்ஸை ஒரு வார்த்தை கேட்காமல், ஜப்பானை ஆண்டுகொண்டிருந்த படைத்தலைவரான ஷோகன், நாட்டுக்கு அரசர் அல்ல என்று பத்திரிகையில் எழுதினார். அது ஜப்பானிய மொழியில் கைமாறி, பிரிட்டனின் கொள்கையே இதுதான் என்று ஆகிவிட்டது. இருபத்திரண்டு வயதுப் பையன்!

அப்புறம் சயாம், உருகுவே, மொராக்கோ என்று சுற்றி, 1895-இல் டோக்கியோவுக்கே தூதராகத் திரும்பினார். கடைசியாக பீகிங்.

எனக்கு மனசில் நின்றது இதெல்லாம் இல்லை. தாகேதா கானே என்ற பெண்ணோடு அவருக்குக் குடும்பம் இருந்தது, இரண்டு பையன்கள். சட்டப்படி கல்யாணம் இல்லை, ஊருக்கு அவர் பிரம்மச்சாரி. பணமும் கடிதமும் தவறாமல் போயின. சின்னவன் ஹிசயோஷி தாவரவியலில் பெரிய ஆளானான். ஆனால் ஓய்வு பெற்றதும் துரை இங்கிலாந்தில் டெவன் பக்கம் தனியாகப் போய் உட்கார்ந்து, 1929-இல் அங்கேயே கண்ணை மூடினார். அவ்வளவு மொழி தெரிந்தவர், வீட்டுக்காரி என்று ஒரு வார்த்தை வெளியே சொல்லவில்லையே என்று கோபம்தான் வந்தது.

அப்புறம் மஸ்கட்டில் நம் அறை ஞாபகம் வந்தது. மாசம் பிறந்தால் டிராஃப்ட், வெள்ளிக்கிழமை கடிதம். இரண்டு வருஷம் கழித்து நான் ஊருக்கு வந்து இறங்கியபோது, என் பெரியவன் கதவைத் திறந்து, "அம்மா, யாரோ மாமா வந்திருக்காங்க" என்றான். உன்னிடம் சொல்லிச் சிரித்தேனே, அன்றைக்கு அந்த மாமா வாசலிலேயே பெட்டியோடு நின்றுகொண்டிருந்ததைச் சொல்லவில்லை.

பேத்தியின் போட்டோ அனுப்பு. கண் இப்போது நன்றாகத் தெரிகிறது.

அன்புடன்,
ராமலிங்கம்