தூரமும் நேரமும் கணக்கிட்டுத் தரும் இணையதளங்களை நடத்துவோருக்கு

வணக்கம்.

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் இடைப்பட்ட தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நொடியில் காட்டிவிடுகிறீர்கள். தூரத்தில் எனக்கு வழக்கு ஏதுமில்லை. பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள கோளமாக வைத்து, அதன் மேற்பரப்பில் மிகக் குறுகிய வழியான பெருவட்ட வழியில் அளக்கிறீர்கள். பிசகினாலும் அரை சதவீத அளவுதான் இருக்கும். நேரம்தான் சிக்கல். அதிலும் இரு முனையும் தீவாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

உங்களில் பலர் தூரத்தை மணிக்கு 850 கி.மீ. போன்ற ஒரே வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணியைக் கூட்டுகிறீர்கள். கண்டம் தாண்டும் ஜெட்டுக்கு இது ஓரளவு பொருந்தும். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். தூரம் சுமார் 2.7 கி.மீ. வகுத்தால் 11 விநாடி, அரை மணியைச் சேர்த்தால் 30 நிமிடம். அங்கே ஓடும் சின்னஞ்சிறு ஐலேண்டர் விமானமோ இரண்டு நிமிடத்துக்குள் தரையைத் தொட்டுவிடுகிறது. 53 விநாடியில் போய்ச் சேர்ந்த சாதனையும் உண்டு. உங்கள் இரண்டு விடைகளில் ஒன்றுகூட அதன் பக்கத்தில் வரவில்லை.

குட்டையான ஓடுபாதையில் பெரிய ஜெட் இறங்க முடியாது. அதனால் பல தீவுகளுக்கு ஏ.டி.ஆர். 72, ட்வின் ஆட்டர் போன்ற விமானங்கள்தான் வருகின்றன. முன்னதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவு, பின்னது 300-ஐ ஒட்டியே பறக்கும். விமானத்தின் வகை தெரியாமல் நேரம் சொல்வது ஜோசியம்.

இன்னொரு கூத்து: லட்சத்தீவின் அகத்திக்கும் அந்தமானின் போர்ட் பிளேருக்கும் நேர்க்கோட்டில் 2,200 கி.மீ.க்குச் சற்று அதிகம். உங்கள் சூத்திரப்படி மூன்று மணி நேரம். அப்படி நேரடி விமானமே கிடையாது. அகத்தியில் ஏறியவர் கொச்சி போன்ற ஊரில் இறங்கி, வேறு விமானம் பிடித்து, சில வேளை இரவு தங்கியும் போக வேண்டும். இல்லாத விமானத்துக்கு நிமிடக் கணக்கு எதற்கு?

தேதியையும் கவனியுங்கள். சமோவா 2011-இல் டிசம்பர் 30-ஐயே விட்டுவிட்டுத் நாள் மாறும் சர்வதேசத் தேதிக்கோட்டின் மறுபக்கம் மாறிக்கொண்டது. இன்று அதன் தலைநகர் ஆப்பியாவில் ஞாயிறு காலை ஏறுகிறவர், பக்கத்திலேயே இருக்கும் அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவில் சனிக்கிழமை காலை இறங்குகிறார். இறங்கும் நேரத்தை மட்டும் காட்டி நாளைக் காட்டாமல் விட்டால், அவர் பதிவு செய்த விடுதி அறை வேறொரு நாளுக்கு இருக்கும்.

நான் கேட்பது பெரிய வேலை அல்ல. விமான வகையைத் தேர்ந்தெடுக்க ஓர் இடம் கொடுங்கள். நேரடிச் சேவை இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். இறங்கும் நாளையும் சேர்த்துப் போடுங்கள். அதுவரை தீவு நிலையங்களுக்கு நேரக் கட்டத்தை நிரப்ப வேண்டாம். விமான நிறுவனத்தின் கால அட்டவணையைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி இருந்தால் போதும்.

இப்படிக்கு,
தீவுகளுக்குப் பறக்கும் ஒரு பயணி