எங்கள் வீட்டில் எத்தனை படி முழுகும்?

வெள்ள எச்சரிக்கை எழுதுகிற அதிகாரிகளுக்கும், அதைக் கேமரா முன்னால் வாசிக்கிற தலைவர்களுக்கும்,

வணக்கம்.

2015 டிசம்பர் 1. சென்னையில் அடையாற்றுக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி உபரிநீர் திறப்பு, தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும் என்று டிவியில் ஓடியது. "அப்படின்னா நம்ம வீட்டுல எத்தனை படி முழுகும்?" என்று அம்மா கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெருவில் யாருக்கும் தெரியவில்லை. தாழ்வான பகுதி என்றால் எப்போதும் அடுத்த தெருதானே! இரவோடு இரவாக ஏழு படியும் முழுகின.

மக்களுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்பதற்கு ஒரு பழைய உதாரணம். 1933 மார்ச்சில் அமெரிக்காவில் வங்கிகள் முன்னால் பணம் எடுக்கக் கூட்டம். பதவியேற்ற கையோடு அதிபர் ரூஸ்வெல்ட் எல்லா வங்கிகளையும் மூடிவிட்டு, 12-ம் தேதி ஞாயிறு இரவு வானொலியில் பேசினார். நீங்கள் போடும் பணத்தை வங்கி பெட்டகத்தில் பூட்டி வைப்பதில்லை, முதலீடு செய்கிறது. எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் நல்ல வங்கியாலும் தர முடியாது என்று விளக்கினார். திங்களன்று எந்த ஊர்களில் திறக்கும், செவ்வாயன்று எங்கே என்று சொன்னார். உங்கள் வங்கி முதல் நாள் திறக்கவில்லை என்பதால் திறக்கவே திறக்காது என்று நினைக்காதீர்கள் என்றும் சொன்னார். மெத்தைக்கு அடியில் வைப்பதைவிடத் திறந்த வங்கியில் வைப்பது பத்திரம் என்றார். இது என் பிரச்சினை மட்டுமல்ல, உங்களுடையதும்தான் என்று முடித்தார்.

மறுநாள் மறுபடி வரிசை நின்றது, இந்த முறை பணத்தைத் திரும்பப் போட. சும்மா பேச்சினால் மட்டும் நடந்ததில்லை. அந்தப் பேச்சுக்கு மூன்று நாள் முன்பே அவசர வங்கிச் சட்டம் நிறைவேறியிருந்தது. ஆனால் அந்தச் சட்டத்தை எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

சரி, நாங்கள் கேட்பது இதுதான். கன அடிக் கணக்கு பொறியாளர்களுக்குள் இருக்கட்டும். எங்களிடம் தெருப் பெயரைச் சொல்லுங்கள். இடுப்பளவு வரும், எட்டு மணிக்குள் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள், மாத்திரையையும் ரேஷன் கார்டையும் மறக்காதீர்கள், பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கூட்டி வாருங்கள் என்று சொல்லுங்கள். நிலவரம் தெரியாவிட்டால், தெரியவில்லை, ஒன்பது மணிக்குச் சொல்கிறோம் என்றாலும் போதும். அப்புறம் ஒன்பது மணிக்கு மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

நாங்கள் இப்போது இரண்டாவது மாடியில் இருக்கிறோம். மழை அறிவிப்பு வந்தால் அம்மா இன்னமும் படியைத்தான் எண்ணுகிறார்.

இப்படிக்கு,
அடையாற்றங்கரைவாசி ஒருவன்