வீடியோ வேண்டாம், குரல் போதும்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "ஒரு போன் பண்ணக்கூட மனசில்லையா?" என்று தம்பியை விட்டு எழுதச் சொல்லியிருக்கிறாய். மனசெல்லாம் இருக்கிறது, நேரம்தான் ஒத்துவரவில்லை. வேலை நன்றாகப் போகிறது. சம்பளம் இந்த மாதம் கொஞ்சம் முன்பின் ஆகலாம், அவ்வளவுதான்.

குளிர்தான் தாங்கவில்லை. கையுறையோடு தொட்டால் போன் திரை அசைவதில்லை, கழற்றினால் விரல் மரத்துப்போகிறது. அதைவிட வேடிக்கை பக்கத்து அறைப் பெரியவர். அவருடைய பிளானில் நிமிடக் கணக்கு. 61 நொடி பேசினால் 2 நிமிடக் காசு. அதனால் கடிகாரத்தைப் பார்த்தபடியே பேசி, 58ஆவது நொடியில் டக்கென்று வைத்துவிடுவார். அந்தப் பக்கம் பேத்தி பாதிப் பேச்சில் இருப்பாள். மறுபடி கூப்பிட்டு மீதியைக் கேட்பார். "இரண்டு தடவை 58 நொடி பேசினாலும் அதே 2 நிமிடக் காசுதானே தாத்தா?" என்றேன். முறைத்தார்.

நீ நேராக என் நம்பருக்கு அடிக்காதே, வெளிநாட்டு அழைப்பு என்று காசைப் பிடுங்கிவிடுவார்கள். வைஃபை இருக்கும் இடத்திலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிடு. அதன் செட்டிங்கில் அழைப்புக்குக் குறைந்த டேட்டா என்று ஒன்று இருக்கிறது, தம்பியை அதைப் போட்டுவிடச் சொல். வீடியோ வேண்டாம், டேட்டாவைக் குடித்துவிடும். என் அறையும் இருட்டு, முகம் சரியாகத் தெரியாது. அப்புறம், தெரியாத வெளிநாட்டு நம்பரிலிருந்து மிஸ்டு கால் வந்தால் நான்தான் என்று திருப்பிக் கூப்பிட்டுவிடாதே. காசு பறிக்கவே சிலர் அப்படி அடிக்கிறார்கள்.

போன தடவை நீ பேசும்போது பின்னால் கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நீ சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை அம்மா. யாரும் அதை நிறுத்திவிடக் கூடாதே என்றுதான் இருந்தது.

சரி, அதை விடு. வேலி விஷயமாகப் பெரியப்பா எதை நீட்டினாலும் அப்பா கையெழுத்துப் போட வேண்டாம், அளந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். உன் கண் ஆபரேஷனை இனியும் தள்ளாதே. ஆஸ்பத்திரிக்கு என் பழைய கணக்கிலிருந்து கட்டிவிடுகிறேன். அதற்கு ஓடிபி என் பழைய நம்பருக்குத்தான் வரும். அதன் வேலிடிட்டி முடிவதற்குள் இருப்பதிலேயே சின்ன ரீசார்ஜாக ஒன்று தம்பியைப் போட்டுவிடச் சொல். பேச அல்ல, அந்த சிம் உயிரோடு இருந்தால் போதும். அக்கா வீட்டுக்காரரிடம் மட்டும் பணம் கேட்காதே.

உன் மகன்