"நடுவில் என்னம்மா செஞ்ச?": பெங்களூரில் வேலைக்கு ஆள் எடுக்கும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

இந்த ஜூலையில் உங்களில் மூன்று பேர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். மூன்று இடத்திலும் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் ஆங்கிலத்தை விட்டுத் தமிழுக்கு வந்தீர்கள். "அட, ராமேஸ்வரம் பக்கமா?" சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த கேள்வியும் மூன்று இடத்திலும் ஒன்றுதான். "ஏப்ரல்ல எக்ஸாம் முடிஞ்சிருக்கு. நடுவில் என்னம்மா செஞ்ச?" ஊரில் இருந்தேன் என்றேன். ஒருவர் "ஓ, ரெஸ்ட்டா?" என்று சிரித்தார். இன்னொருவர் தாளில் எழுதியது எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது: 'கேப்'.

அங்கே சொல்ல வராததை, மடிவாளாவில் தங்கியிருக்கும் பிஜி விடுதியில் உட்கார்ந்து இப்போது எழுதுகிறேன். நீங்கள் தமிழில் கேட்டதால் தமிழிலேயே.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனம் பெருகும் பருவம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். எங்கள் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று முறை. அப்பா கடலில் இருக்கும் ராத்திரி போன் அடித்தால் அம்மா உடனே எடுக்க மாட்டார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். எல்லை தாண்டியதாகப் படகைப் பிடித்துவிட்டார்கள் என்ற செய்தி எங்கள் தெருவுக்கு அப்படித்தான் வரும். தடைக்காலத்தில் மட்டும் போன் அடித்தால் அது வெறும் போன்.

நான் 2022-இல் கல்லூரியில் சேர்ந்தேன். அந்த டிசம்பரிலேயே பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோனது. 1914-இல் திறந்த பாலம், அதற்கும் வயசாகுமே. லீவுக்குப் போனபோதெல்லாம் பஸ்தான். புதுப் பாலத்தை 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்தார்கள். மே முதல் வாரம் ரயிலிலேயே கடலைத் தாண்டி வீடு போய்ச் சேர்ந்தேன்.

உண்மையில் நான் பார்க்கப் போனது அம்மாவின் கையை. அம்மா பாசி எடுக்கிறவர். மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய பாறைகளில் மூச்சை அடக்கி முங்கி, மரிக்கொழுந்துப் பாசி பறிப்பார். விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டு இறங்கினாலும் பாறை வெட்டிவிடும். மாதத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது. தடைக்காலத்தை ஒட்டி 45 நாள் அடியோடு நிறுத்திவிடுவார்கள். பாசி திரும்ப வளரட்டும் என்று பெண்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட கணக்கு இது.

நான் படித்தது நுண்ணுயிரியல். கிருமி வளர்க்க லேபில் தட்டுத் தட்டாக ஊற்றினோமே அகர், அது கடல்பாசியைக் காய்ச்சி எடுப்பது. அம்மாவின் மரிக்கொழுந்தும் அகர் காய்ச்சத்தான் போகிறது. மூன்று வருடம் கழித்து, இந்த மே மாதம்தான் இதை அம்மாவிடம் சொன்னேன். "இதுலயா கிருமி வளக்குறீங்க?" என்று சிரித்தார். அப்புறம் ஒரு கிலோ அகர் என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

மூன்றாவது வாரம் விரல் நுனிகளில் புதுத் தோல் மூடியது. ஜூன் தொடக்கத்தில் ரேஷன் கடைக்குப் போனோம். வழக்கமாக ஐந்தாறு தடவை கையைத் துடைத்துத் துடைத்து வைத்தாலும் மெஷின் அம்மாவின் ரேகையை ஏற்காது, அப்பாவைக் கூட்டிவரச் சொல்வார்கள். அன்றைக்கு முதல் தடவையிலேயே விழுந்துவிட்டது. அம்மா கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வீடு வரைக்கும் நடந்தார்.

மற்றபடி, கரையேற்றிய படகின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டினேன். அப்பாவோடு உட்கார்ந்து வலை பொத்தினேன் (நான் போட்ட முடிச்சில் பாதியை அவர் சத்தமில்லாமல் அவிழ்த்துத் திரும்பப் போட்டார்). தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வந்து சேராத வீடுகளுக்கு, ஆதாரில் ஒரு எழுத்தும் பாஸ்புக்கில் ஒரு எழுத்துமாக இருந்ததைச் சரிசெய்ய மனு எழுதிக் கொடுத்தேன்.

இதையெல்லாம் 'லீடர்ஷிப்', 'டீம் ஒர்க்' என்று மாற்றி ரெஸ்யூமேயில் போடச் சொல்லி ஒரு சீனியர் அக்கா யோசனை சொன்னார். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அம்மாவின் விரலுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டதை எந்தத் தலைப்பில் போடுவது? போடவும் எனக்கு மனசில்லை. அது உங்கள் கம்பெனிக்காகச் செய்தது இல்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். கடற்கரை ஊரிலிருந்து வரும் பிள்ளைக்கு வேலை கொடுத்தால், சேரும் தேதியை ஜூன் 15-க்கு அப்புறம் போடுங்கள். கன்னியாகுமரியின் மேற்குக் கரைப் பிள்ளை என்றால் அங்கே தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, அதனால் எந்தக் கரை என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தள்ளிப்போட முடியாத வேலை என்றால் சரி, முதல் வருடம் அந்தச் சமயத்தில் பத்து நாள் லீவாவது கொடுங்கள்.

வரும் புதன்கிழமை ஒயிட்ஃபீல்டில் எனக்கு இன்னொரு இன்டர்வியூ. உணவுப் பரிசோதனை லேப், நாள் முழுக்க அகர் தட்டு வேலை. நடுவில் என்ன செய்தாய் என்று கேட்டால், ஊரில் இருந்தேன் என்றுதான் இந்த முறையும் சொல்லப்போகிறேன்.

இப்படிக்கு,
பாம்பன் தீவுக்காரி ஒருத்தி,
பெங்களூர்